சொல்தா வீட்டுத் திருமுகம்

போன மாதம் பேத்தியின் கல்யாணப் பேச்சுக்காக முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்காரவைத்தார்கள். நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே, சின்ன சிவப்பு பல்பின் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் சேசுநாதரின் திருமுகம். உடல் இல்லை, கை இல்லை, சிலுவை இல்லை. ஒரு துணியின் மேல் முகம் மட்டும். பழுப்பேறிப்போன போட்டோ. மற்றவர்கள் பையனுடைய வேலையைப் பற்றியும் பெண்ணுடைய படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நான் அந்த முகத்தின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மூக்கு நேராக இருந்தது. உதட்டில் வீக்கம் இல்லை. கண்கள் நன்றாகத் திறந்து, பார்ப்பவரைப் பரிவோடு பார்த்தன. என் பார்வையைக் கவனித்த வீட்டுக்காரர், அது தன் அம்மா காலத்துப் படம் என்றும், அதன் முன்னால் வேண்டிக்கொண்டால் காய்ச்சல் தணியும் என்றும் பெருமையாகச் சொன்னார். எவ்வளவு அழகான முகம் பாருங்கள் என்று என்னிடமே சொன்னார். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். என் மகனுக்குக் கோபம். இடம் பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் என்ன ஆவது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த முகத்தை உண்டாக்கியவன் நான் என்பதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு தெருவில் ஒரு வயதான அம்மாவின் வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவருடைய ஒரே மகன் சொல்தா. அதனால் அது சொல்தா வீடு, அவர் சொல்தா வீட்டம்மா. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மகன் பெரிய சண்டைக்குப் பிரான்ஸ் போய், முகத்தில் குண்டுச் சில்லு பாய்ந்து, இரண்டு வருடம் ஆஸ்பத்திரிகளில் கிடந்து திரும்பியவர். கப்பலை விட்டு இறங்கும்போதே முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தாராம். வீட்டுக்குள் போனவர் போனவர்தான். பதினைந்து வருடமாக உள்ளறைத் திரைக்குப் பின்னாலேயே இருந்தார். கஞ்சியும் பாலும்தான் சாப்பாடு. மென்று தின்னத் தாடையில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். அவர்களும் எதையும் விவரித்துச் சொல்லமாட்டார்கள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆளை அசைவை வைத்தும் குரலை வைத்தும்தான் அடையாளம் காண்பார். நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அவருக்கு இருந்தது ஒரே கவலை. தான் கண்ணை மூடிய மறுநாள் மகனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றவாவது யாராவது அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும், யார் பார்ப்பார்கள் என்பது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் சேசுவின் திருமுகம் பதிந்த ஒரு துணி இருந்தது. அடிபட்டு, வீங்கி, ரத்தம் வழியும் முகம். அதைப் படம் எடுத்து, தபசு காலம் என்கிற நாற்பது நாள் நோன்பின் முதல் நாள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது நாளும் ஜனங்கள் அதன் முன்னால் விளக்கேற்றி, காலையும் மாலையும் அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று மகன் முகத்தைத் திறந்துகொண்டு வாசலுக்கு வருவார். பழகிய கண்கள் அன்று மிரளாது. மகனிடமும் இதைச் சொல்லி, மாதக்கணக்கில் கெஞ்சி, சரி என்று ஒரு வார்த்தை வாங்கிவைத்திருந்தார்.

அந்தத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலுவை சுமந்துபோன சேசுவின் முகத்தை வெரோணிக்கம்மாள் தன் முக்காட்டால் துடைக்க, முகம் அப்படியே துணியில் பதிந்துவிட்டது என்று, பதினாலு ஸ்தலங்களில் நின்று செபிக்கும் சிலுவைப் பாதையில் ஆறாம் ஸ்தலத்தில் வாசிப்பார்களே, அந்தத் துணி ரோமாபுரியில் இருப்பதாகப் பல நூறு வருடங்களாக நம்பிக்கை. அதைக் காண்பதற்காகவே அந்தக் காலத்தில் தேசம் தேசமாக நடந்து போயிருக்கிறார்கள். பிற்காலத்தில் அதைப் பார்த்து வரைந்த முகத்தை வெள்ளைத் துணிகளில் அச்சடித்து, ஒவ்வொன்றையும் மூலத் துணியின் மேல் தொட்டு எடுத்து, ஓரத்தில் சிவப்பு அரக்கு முத்திரை வைத்து வெளியே கொடுத்தார்கள். தொட்டு எடுத்ததால் நகலிலும் கொஞ்சம் புனிதம் ஏறிவிடும் என்று எண்ணம். பிரான்சில் எத்தனையோ வீடுகளில் அதற்கு முன்னால் விளக்கு அணையாமல் எரியுமாம். சொல்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு கன்னியாஸ்திரீ அவருக்குக் கொடுத்த துணி அது. எங்கள் பக்கத்தில் அந்த விளக்கின் எண்ணெயைக் காய்ச்சல்காரர் நெற்றியில் தடவுவார்கள். பிரசவ வலி கண்ட வீட்டுக்குத் துணியை இரவல் வாங்கிப் போவார்கள். பங்குச் சுவாமியார் மட்டும், அது நகலுக்கும் நகல், துணியைக் கும்பிடாதீர்கள், துணியில் இருப்பவரை நினையுங்கள் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். வயது இருபத்திரண்டு. முதலாளி முஸ்லிம், ஊருக்கே பாய். கடை முழுக்க முகங்களாக மாட்டியிருப்பார், வீட்டில் ஒரு படம்கூட மாட்டமாட்டார். முகம் எடுப்பது பிழைப்பு, அதைச் சுவரில் வைத்துக்கொண்டு தூங்குவது வேறு விஷயம் என்பார். படம் எடுப்பது அவர், டச்சிங் நான். அந்தக் காலத்தில் நெகட்டிவ் என்பது கண்ணாடித் தட்டு. அதை ஜன்னலோரம் சாய்வு மேசையில் நிறுத்தி, கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே அனுப்பி, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன். இந்த ஊரில் அம்மைத் தழும்போடு மணமேடை ஏறிய பெண்கள் பலர் என் கையால் வழவழப்பான கன்னத்தோடு படமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, உள்ளது உள்ளபடி வரட்டும் தம்பி என்பதுதான். உள்ளது உள்ளபடி கொடுத்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அதனால் அந்த வார்த்தையைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்போது என் கையைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்தச் சமயத்தில் சுவாமியார் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையைக் கடைக்கு எடுத்துவந்தார். இத்தாலியில் துரின் நகரத்தில் ஒரு நீளத் துணி இருக்கிறது, சேசுவை அடக்கம் செய்தபோது சுற்றியது என்று நம்புகிறார்கள். அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். துணியில் மங்கலான கறையாகத் தெரிந்தது நெகட்டிவில் முழு முகமாக எழுந்து வந்திருந்தது. மூடிய கண், அடிபட்ட கன்னம், நீண்ட மூக்கு. பாய் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. துணியில் ஒளிந்திருக்கிற முகம் கண்ணாடியில் வெளிவரும் என்றால், கண்ணாடியோடு மல்லுக்கட்டுகிற நான் எத்தனை முகங்களை வெளியே கொண்டுவரலாம் என்று மனம் பறந்தது. அப்படி ஒரு முகம் என் கைக்கு வராதா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் சொல்தா வீட்டம்மா வந்தார். துணியை மடியில் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவிப் படியேறினார். பாயிடம் ஐம்பது படம் வேண்டும் என்றார். அப்படியே எடுக்க வேண்டும், ஒன்றையும் மாற்றக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். காரணம் சொல்லவில்லை. மகனைப் பற்றி வெளியில் பேசிப் பழக்கமில்லாதவர். பாய் துணியை விரித்து, முத்திரையில் வெளிச்சம் அடிக்காதபடி சரிசெய்து, தட்டில் எடுத்துக் கழுவிக் காயவைத்துவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காகக் காரைக்கால் போய்விட்டார். பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடு என்பதுதான் எனக்கு அவர் சொன்னது.

தட்டை மேசையில் நிறுத்தினேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகம் கறுத்திருந்தது, ரத்தத் துளிகள் வெறும் கண்ணாடியாக இருந்து அவற்றின் வழியே வெளிச்சம் என் கண்ணில் குத்தியது. நெகட்டிவில் அம்மைத் தழும்புகள் எப்படித் தெரியுமோ, அந்தத் துளிகளும் அப்படியேதான் தெரிந்தன. என் கை தானாகப் பென்சிலைத் தேடியது என்று சொன்னால் பொய்யாகிவிடும். நான் நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். சொந்த ஆண்டவர் முகத்தை இப்படியா ஊருக்குக் கொடுப்பது, அச்சடித்தவன் கைவேலை தெரியாதவன், இதற்குள் இருக்கிற நிஜமான முகத்தை நான் வெளியே கொண்டுவருகிறேன் என்று நினைத்தேன். முதலில் நெற்றித் துளிகளை அடைத்தேன். பிறகு கன்னம். பிறகு வீங்கிய உதடு. மூக்கை நேராக்கினேன். மூடியிருந்த கண்களைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டித் திறந்தேன். இரண்டு நாள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் அந்த முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு அழகாக வந்திருந்தது.

புரை விழுந்த கண்ணால் அம்மா படங்களைச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொன்றையும் துணியின் மேல் தொட்டு எடுத்து, தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று பூசை முடிந்ததும் மூச்சு வாங்க வாங்க வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே கொடுத்தார். தெருவே கொண்டாடியது. என்னை வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள். அடுத்த தெருக்காரர்கள் எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். நான் தரையில் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நீதான் அவரத் தொடச்சதா?"

அழுக்கெல்லாம் எடுத்தேன், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று என்னவோ உளறினேன்.

"அழுக்கா?" என்றார். பிறகு, நான் மேலே சொன்ன அந்தத் திட்டத்தை முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார். "மிச்சம் இருந்த ஒரு படத்த எம்மவனுக்குக் குடுத்தேன். திரைக்கு வெளிய கைய நீட்டி வாங்கிப் பாத்தான். அவரு மொகத்தயே இவங்களால பாக்க முடியலம்மா, அவருக்கே தொடச்சி விட்டுட்டாங்க, என் மொகத்தயா பாக்கப் போறாங்கன்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். ரெண்டு நாளா கஞ்சி எறங்கல."

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் திட்டவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு, நாற்பது நாளில் இரண்டு போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே பாய் திரும்பினார். படத்தைக் கையில் வாங்கியவுடன் அவர் முகம் மாறியது. "ஈசா நபி மொகத்துல பென்சில் வைக்கறதுக்கு முன்னாடி நீ என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். சேசுவை அவர்கள் ஈசா நபி என்பார்கள். நெகட்டிவைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு உடைத்தார். மறுநாள் தானே சொல்தா வீட்டுக்குப் போய்த் துணியை வாங்கி வந்து, கை கால் கழுவிக்கொண்டு புதிதாக எடுத்து, என்னைப் பக்கத்தில் வரவிடாமல் ஐம்பது படத்தையும் தானே பிரிண்ட் போட்டார். வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வா என்று படங்களை என் கையில் திணித்தார்.

போனேன். அம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். உடைத்தால் கண்ணாடி உடையும், ஊர் மனதில் ஏறிய முகம் உடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதே இந்தப் படத்தால்தான், கொடுக்கமாட்டோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் புதுப் படத்தைப் பார்த்ததும் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாத்தியார் மனைவி, இதை மாட்டினால் வீடு துக்க வீடு மாதிரி ஆகிவிடும் என்று மரியாதையாகக் கைகூப்பினார். யாரிடமும் அம்மா தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திக்குங்கம்மா, மாத்திக்குங்கம்மா என்பார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று என் கைவேலைக்குக் கிடைக்கும் பாராட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று சாயங்காலம் அலைந்தும் பத்து வீடு தேறவில்லை. தெருக்கோடியில், குருசுக்குப்பத்துப் பக்கம், ஒரு மீன்காரம்மா மட்டும் புதுப் படத்தை வாங்கி, கூரை ஓரத்து வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "கடலுக்குப் போயி நாலு நாள் கழிச்சி கரையில ஒதுங்கின மொகத்தப் பாத்தவ நானு. எம்புருசன் மொகம். அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். பழைய படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இவர் யாரோ பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறார், கும்பிடவே கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார். மூன்று நாளில் அம்மா சிரித்தது அப்போது மட்டும்தான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் மத்தியானம் சொல்தா வீட்டுக்கே போய்விட்டேன். அம்மா என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். திரை கனத்த பச்சைத் துணி. உள்ளிருந்து மூச்சுச் சத்தம் வந்தது, மூக்கால் விடுகிற மூச்சு இல்லை. அண்ணே, தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். போகலாமா நிற்கலாமா என்று கால் மாற்றிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. சொற்கள் காற்றோடு கலந்து வந்தன, உற்றுக் கேட்டால்தான் புரிந்தது.

"இதுவரைக்கும் எத்தன மொகத்தத் தொடச்சிருப்ப?"

"கணக்கில்லண்ணே."

"தொடாம ஒரு மொகத்தப் பாக்க முடியுமா உன்னால?"

"முடியும்ணே."

"அப்ப பெரிய வெள்ளிக்கு வா. துணியப் புடிச்சிக்கினு வாசல்ல நிக்கறேன். மத்தவங்க பாக்கட்டும், பாக்காம போகட்டும். நீ பாத்துட்டு போ. அது போதும் எனக்கு."

நான் சத்தியமே செய்தேன். அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றுபோனது. அன்று இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தாராம், அம்மா வாசல்வரை வந்து சொன்னார்.

பெரிய வெள்ளியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், பிறகு நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசியில்தான் என்னால் சொல்ல முடியும். அம்மா அந்த வருடம் ஐப்பசி மழையில் இறந்துபோனார். அதன் பிறகு அந்த மீன்காரம்மா தினமும் சொல்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாள் சாயங்காலங்களில் சொல்தா வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்குவதைப் பார்த்ததாகக்கூடச் சொன்னார்கள். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நான் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. அடுத்த உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர் இறந்தார், துணியையும் அவரோடு வைத்து அடக்கம் செய்தார்கள். அடக்கத்துக்கும் நான் போகவில்லை. டச்சிங் வேலையை அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். விடவில்லை. முப்பது வருடம் அதே வேலையில் இருந்தேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். மாற்றிக் கொடுக்காத வீடுகளில் இருந்த படங்களை அவரவர் எடுத்துப்போய் வேறு வேறு ஸ்டுடியோக்களில் நகல் எடுத்து, பெண்களுக்குச் சீரோடு கொடுத்து அனுப்பினார்கள். பாய் உடைத்தது கண்ணாடியைத்தான். என் பென்சில் கோடுகள் ஊரெல்லாம் போய்விட்டன.

பெரிய வெள்ளி அன்று வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை தெருவில் இறங்கியது. அன்று மணி அடிக்கக்கூடாது என்பதால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவில் ஆறாம் ஸ்தலம் எப்போதும் சொல்தா வீட்டு வாசலில்தான். வருடா வருடம் அம்மா துணியை ஏந்தி நிற்பார், ஜனங்கள் வரிசையில் வந்து குனிந்து, அதில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். அந்த வருடம் கதவு திறந்து அம்மா முதலில் வந்தார். அவருக்குப் பின்னால், தலையிலிருந்து கழுத்துவரை துண்டு சுற்றி, கையில் துணியை ஏந்திய ஓர் உயரமான ஆள். கூட்டத்தில் பேச்சு நின்றது. உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார், எல்லோரும் முழங்காலிட்டோம். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஒரு வாரமாகப் பழகியிருந்தேன். கடையில் பழைய பத்திரிகைகளில் வந்த சண்டைக் காயங்களின் படங்களைத் தேடி எடுத்து, கண்ணை எடுக்காமல் பார்த்துப் பார்த்து மனதைத் தயார் செய்திருந்தேன். செபத்துக்காகத் தலை குனிந்திருந்தேன். அப்போது துண்டு அவிழும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒரு குழந்தை அழுதது. யாரோ எழுந்து பின்னால் போனார்கள். தலையை நிமிர்த்துவதுதான் பாக்கி. நிமிர்த்துவேன், இந்த வரி முடியட்டும் என்று நினைத்தேன். வரி முடிந்தது. அடுத்த வரியும் முடிந்தது.

வரிசை நகர்ந்தது. என் முறை வந்தபோது துணி என் கண்ணுக்கு நேராக இருந்தது. ரத்தத் துளிகள், வீங்கிய உதடு, மூடிய கண்கள். குனிந்து முத்தி செய்தேன். துணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்த மூச்சுச் சத்தம். நான் பார்த்தது கால்களை. செருப்பில்லாத கால்கள். இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, கணுக்காலில் பூட்ஸ் உரசிய பழைய தடம், வலது பாதத்தின் மேல் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கால்களை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். அவர் காத்திருந்தார். துணி ஆடவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நெருக்கியது. நான் அடுத்த பக்கம் நகர்ந்தேன். பின்னால் வந்த மீன்காரம்மாவின் குரல் கேட்டது, தெருவில் தினம் பார்க்கிற ஆளிடம் பேசுகிற குரல்.

"வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு. இப்பிடி நெழல்ல வந்து நில்லு தம்பி."

கால்கள் இரண்டு எட்டு நகர்ந்து நிழலுக்குள் வந்தன.

கூட்டம் ஏழாம் ஸ்தலத்துக்கு நகர்ந்ததும் நானும் நழுவப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போட்டோ கழுவுகிற மருந்தின் வாசனையை வைத்துக் கண்டுபிடித்திருப்பார், அது என் கையை விட்டுப் போனதே இல்லை. புரை விழுந்த கண்களால் என் முகத்தைத் தேடினார்.

"தம்பி, பாத்தாங்களா? எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா."

"நீ?"

கால்கள் அங்கேயே இருந்தன, இரண்டு எட்டுத் தள்ளி.

"நானும் பாத்தேம்மா" என்றேன்.

அம்மா மகன் நின்ற பக்கம் திரும்பினார். மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் அதே இடத்தில் இருந்தது. பிறகு மகன் சொன்னார்.

"ஆமாம்மா. தம்பி பாத்துச்சி."